36 படங்கள்தான் இருக்கின்றன

தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம். திருவாரூர்க் கீழவீதியில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் கேமராவோடு நின்றிருந்தேன். 96 அடி ஆழித்தேர் அசைந்து அசைந்து வருகிறது. வடம் பிடித்தவர்களின் முதுகில் வியர்வை, அதன்மேல் காலை வெயில். லீவரை இழுப்பேன், அழுத்துவேன், மறுபடி இழுப்பேன். எண்ணிக்கை 34, 35, 36 என்று ஏறியது. ரோல் முடிந்தால் லீவர் இறுகி நின்றுவிடும். நிற்கவில்லை. 37, 38 வரை கவலைப்படவில்லை. சில ரோல்களில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும். 40 வந்ததும் அடிவயிறு கலங்கியது.

ரோல் போடும்போது பிலிமின் நாக்கை வலப்பக்க உருளையில் செருக வேண்டும். இரண்டு தடவை லீவரை இழுத்து, இடப்பக்கக் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டூடியோவில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. அன்று அவசரத்தில் நான் பார்க்கவில்லை. பிலிம் ஏறவே இல்லை. டப்பாவுக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு படமும் மிஞ்சாத அந்தக் காலையை என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். முட்டுக்கட்டை போடுபவர் குனிந்து நிமிர்ந்த கணம், தேர்ச்சீலைக்கு அடியில் ஓடிய நாய், திண்ணையில் இருந்தபடியே கைகூப்பிய பாட்டி. ஒவ்வொன்றையும் "இது வேண்டும்" என்று முடிவு செய்த பிறகே அழுத்தினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்கா மகள் கல்யாணத்தில் டிஜிட்டல் கேமராவில் 1,400 படங்கள் எடுத்தேன். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஃபோல்டரை இதுவரை முழுதாகத் திறந்து பார்க்கவில்லை.

பிலிமா டிஜிட்டலா என்று கேட்டால், துல்லியத்தையும் நிறத்தையும் லென்ஸையும் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். எனக்கு அந்தப் பேச்சில் ஆர்வம் குறைந்து வெகுநாள் ஆகிவிட்டது. இரண்டையும் பிரிக்கும் கோடு ஒரே இடத்தில் விழுகிறது. பிலிம் கேமரா, அழுத்துவதற்கு முன்னால் உங்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும். டிஜிட்டல் கேமரா, "இப்போதைக்கு எடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும். அந்தப் "பிறகு" நம்மில் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை.

செல் இல்லாமல் ஓடும்

மெக்கானிக்கல் கேமரா என்றால் என்னவென்று இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. லீவரை இழுக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. பிலிமும் ஒரு படம் அளவு நகர்கிறது. பொத்தானை அழுத்தினால் வில் விடுபட்டு, இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முதல் திரை திறக்கும், இரண்டாவது மூடும். நடுவில் இருக்கும் இடைவெளிதான் பிலிமுக்கு வெளிச்சம் கிடைக்கும் நேரம். ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களைப் பல்சக்கரங்கள் அளந்து கொடுக்கும், பழைய சுவர்க் கடிகாரத்தில் இருப்பதைப் போல. ஒரு நொடியில் வைத்து அழுத்தினால் "ஸ்ர்ர்ர்" என்று அது ஓடி முடிவதைக் காதால் கேட்கலாம். ரிப்பேர்க்காரர்கள் பாதி நோயை அந்தச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிக்கான் எஃப்எம்2 இந்த வகையின் உச்சம் என்பது என் கருத்து. 1982இல் வந்தது, 2001 வரை தயாரிப்பில் இருந்தது. நொடியில் 4,000இல் ஒரு பங்கு வரை ஷட்டர் வேகம். அதற்கும் மின்சாரம் தேவையில்லை. உள்ளே போடும் இரண்டு பொத்தான் செல்கள் லைட் மீட்டருக்கு மட்டும்தான். அவை தீர்ந்தாலும் கேமரா ஓடும். கற்றுக்கொள்பவர்களின் கேமரா என்று பேர் வாங்கிய பென்டாக்ஸ் கே1000, 1976 முதல் 1997 வரை ஏறக்குறைய அப்படியே வந்துகொண்டிருந்தது. நம் நடுத்தர வீடுகளின் பீரோவில் இருந்தது அநேகமாகப் பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. 120 பிலிமில் சதுரமாக 12 படங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு ரோல் போதும் என்று இருந்தோம்.

மீட்டரே இல்லாமலும் எடுக்கலாம். நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) 16. பிலிமின் வெளிச்ச உணர்திறனைச் சொல்லும் ஏஎஸ்ஏ எண் எதுவோ அதை ஒட்டி ஷட்டர் வேகம். 100 ஏஎஸ்ஏ பிலிம் என்றால் 125இல் ஒரு பங்கு. பிலிம் வந்த அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் சூரியன், மேகம், நிழல் என்று படம் போட்டு இந்தக் கணக்கை அச்சிட்டே கொடுத்தார்கள். சித்திரை உச்சிப்பொழுதில் ஆளை நிறுத்தி எடுத்தால் கண் குழியில் கறுப்பு நிழல் விழும். அதற்காக ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சத்துக்கு, திறக்க வேண்டும் என்பது நம் ஊர் வெயில் சொல்லிக்கொடுத்த திருத்தம். இப்படிப் பழகியவர்கள் ஒரு தெருவுக்குள் நுழையும்போதே வெளிச்சத்தை எண்ணாகப் பார்ப்பார்கள். எந்தச் சுவர் இரண்டு ஸ்டாப் பிரகாசம், எந்தத் திண்ணை மூன்று ஸ்டாப் இருட்டு என்று கண்ணே சொல்லும். இந்தப் பழக்கம் வந்த பிறகு எந்தக் கேமராவைக் கையில் கொடுத்தாலும் படம் தேறும். டிஜிட்டலில் தொடங்குபவர்களுக்கும் இது வரும்; ஆனால் பின்திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்தும் வசதி இருப்பதால் வர நாளாகும்.

இந்தக் கேமராக்களுக்கு நோய் இல்லாமல் இல்லை. மூன்று வருஷம் அலமாரியில் தூங்கினால் கிரீஸ் இறுகி, ஒரு நொடி ஒன்றரை நொடியாகிவிடும். பின்கதவில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய பஞ்சு கரைந்து தார்போல் பிசுபிசுக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை மெல்லிய வேர்களாகப் படரும். ஆனாலும் இவையெல்லாம் ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் உள்ள ஒருவரால் தீர்க்கக்கூடியவை. அண்ணா சாலையை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு சிறு கடையில், என்னைவிட மூத்த ஒரு கேமராவை மேசைமேல் பிரித்துப் போட்டு மறுநாள் ஓட வைத்த பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் கேமராவில் மெயின் போர்டு போய்விட்டால், அதற்கான பாகத்தை நிறுவனம் நிறுத்திவிட்டால், அந்தப் பெரியவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரும் விலை கொடுத்து வாங்கும் ஒரு கருவி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குப்பைக்குப் போவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். அது இயல்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊட்டி இருட்டில் பிறந்த பிலிம்

பிலிம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் பிலிம் தொழிற்சாலை நம் நீலகிரியில்தான் இருந்தது. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டு, 1967இல் உதகமண்டலத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. பிலிமின் பெயர் "இந்து". இந்து என்றால் நிலா. தொழிற்சாலை இருந்த இடத்துக்கும் இந்து நகர் என்றே பெயர்.

பிலிம் செய்வதற்குத் தூசியில்லாத, குளிர்ந்த காற்று வேண்டும். வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து, நீண்ட சுருளின்மேல் ஒரே சீரான மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்து வருவது. பூச்சு முழுவதும் இருட்டில் நடக்க வேண்டும். ஒரு கோடு வெளிச்சம் கசிந்தாலும் சுருள் முழுதும் வீண். கேட்டுக்குள் போய் இருட்டில் வேலை பார்த்துவிட்டு, வெளியே வந்து ஊட்டி வெயிலில் கண்ணைச் சுருக்கி நின்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள். கறுப்பு வெள்ளை ரோல், புரோமைடு பேப்பர், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே பிலிம் என்று எல்லாம் அங்கிருந்து வந்தன. நம் அப்பா அம்மாக்களின் கல்யாணப் படங்களிலும் எஸ்எஸ்எல்சி புத்தகத்துப் பாஸ்போர்ட் படங்களிலும் அந்த மலைக்கு ஒரு பங்கு உண்டு.

தொண்ணூறுகளில் நிறுவனம் நலிந்தது. கலர் பிலிம் சந்தையை வெளிநாட்டு நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. இறக்குமதி எளிதாயிற்று. பிறகு பிலிமே தேவையில்லை என்ற காலம் வந்தது. 2014இல் மத்திய அரசு ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. வெள்ளியையும் ஜெலட்டினையும் இருட்டில் சேர்க்கத் தெரிந்த கைகளின் அறிவை எழுதி வைக்கவாவது யாராவது முயன்றிருக்க வேண்டும். நாட்டின் ஒரு தொழில் நுட்பமே அந்த மலையில் அணைந்துபோனது. அதற்கு நாம் உரிய அளவு வருத்தப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

நீலகிரியைச் சொன்னால் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் நகர முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இயற்கையியலாளர். முதுமலை போன்ற காடுகளில் கால்நடையாகத் திரிந்து யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கடையில் கிடைத்த கேமரா அவருக்குப் போதவில்லை. வேறு வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கனத்த கேமராவைப் பூட்டிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் "சூப்பர் பாண்டரோசா". நொடிக்கு இருபது படம் ஓடும் வசதி அவரிடம் இல்லை. யானை எப்போது காதை விரிக்கும், எப்போது திரும்பும் என்று தெரிந்திருந்தது. அந்த அறிவுதான் அவருடைய மோட்டார்.

இன்னும் பின்னால் போனால் 1858. மதராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். அவருடையவை காகித நெகட்டிவ்கள். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் தாளைத் தயார் செய்ய வேண்டும், வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும், பிறகு கழுவ வேண்டும். 21 முறை அதே கவனம். இன்று போனை இடமிருந்து வலமாக ஒரு வீச்சு வீசினால் அதே வேலை முடிந்துவிடும். முடிந்த பிறகு கல்வெட்டைப் படிக்க அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள்?

வேட்டியும் கருவறையும்

டிஜிட்டலுக்கு உரிய நியாயத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பழம்பெருமையாகிவிடும். முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் பொறியாளர், 1975இல், கோடாக் நிறுவனத்துக்குள்ளேயே. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 நொடி எடுத்தது. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர், சென்சாரின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் போன்களில் இருப்பதும் அநேகமாக அந்த முறைதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். உலகத்துக்கே பிலிம் விற்ற கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. தன் வீட்டில் பிறந்த பிள்ளையைத் தானே வளர்க்கத் துணியாத நிறுவனம் அது.

கோயில் கருவறை வாசலில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், கல் தூணின் செதுக்கலை எடுக்க வேண்டும் என்றால் நான் டிஜிட்டலைத்தான் எடுத்துப் போவேன். 400 ஏஎஸ்ஏ பிலிமை 1600க்குத் தள்ளிக் கழுவினால் தானியம் தானியமாகப் பொரிந்துவிடும். இன்றைய சென்சார்கள் 6400இல் வைத்தாலும் அமைதியாக எடுக்கின்றன. மீன்கொத்தி தண்ணீரில் பாயும் கணத்துக்கும் டிஜிட்டல்தான். செய்திப் படத்துக்கு வேறு பேச்சே கிடையாது. வெள்ளம் வந்த இரவில் பிலிமைக் கழுவிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், காசில்லாத பிள்ளை கேமராவைத் தொட டிஜிட்டல் வழி திறந்தது. என் காலத்தில் ஒரு ரோல் கெட்டால் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போகும். இன்றைய கலர் ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது ரூபாய் ஆகிறது. பொழுதுபோக்குக்குப் பிலிம் எடுப்பது வசதி உள்ளவர்களின் காரியமாகிவிட்டது என்பது கசப்பான உண்மை.

பிலிமின் நிறம் அப்பழுக்கற்றது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். கலர் பிலிமின் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்துக்கு ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண். அந்தத் தோலுக்கு அளந்து செய்த பிலிமில் கறுத்த முகங்கள் நெடுங்காலம் விவரம் இழந்தே பதிந்தன. நம் அத்தைகளும் மாமாக்களும் குடும்பப் படங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய நிற்பதற்கு ஃபிளாஷ் மட்டும் காரணமில்லை.

ஆனால் வெள்ளை வேட்டியை உச்சி வெயிலில் எடுத்துப் பாருங்கள். கறுத்த முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் டிஜிட்டலில் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அங்கே மடிப்பு இருந்ததற்கான தகவலே பதிந்திருக்காது. எந்த மென்பொருளாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. கலர் நெகட்டிவ் அப்படித் திடீரென்று கைவிடாது. இரண்டு மூன்று ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் பட்டாலும் மடிப்பு உள்ளே இருக்கும். பிரிண்ட் போடுகிறவர் வெளியே எடுப்பார். கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் பல்லாண்டு பிழைத்தது இந்தக் கருணையால்தான். எண்ணிக்கை 30ஐத் தாண்டினால் அவர்கள் ரோலை மாற்றிவிடுவார்கள். மாங்கல்யதாரணத்தின்போது கேமரா நின்றுவிடக் கூடாது என்ற பயம். வீணாகும் ஐந்தாறு படங்களைவிட அந்த ஒரு முடிச்சு பெரிது என்று அவர்களுக்குத் தெரியும்.

பரண்மேல் இருக்கும் உறை

எட்டு ஆண்டுப் படங்கள் இருந்த என் ஹார்டு டிஸ்க் ஒரு காலையில் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றது. மீட்டுத் தருவதாக வாங்கிப் போனவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த மாதத்தில்தான் பரணில் இருந்து ஒரு பிஸ்கட் தகரடப்பா கிடைத்தது. உள்ளே பழைய நெகட்டிவ்கள், மங்கிய பட்டர் பேப்பர் உறைகளில். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தாத்தா வெளுத்த தலையோடு (நெகட்டிவில் கறுப்புத் தலை) சாய்வு நாற்காலியில் இருந்தார். பார்க்கச் சாவி வேண்டவில்லை, கரண்ட் வேண்டவில்லை, பாஸ்வேர்டு வேண்டவில்லை.

நெகட்டிவும் சாகும். அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி வாடை அடிக்கும், சுருங்கும். கண்ணாடி நெகட்டிவ் உடையும். அதைவிடப் பெரிய எதிரி மனிதர்களே. பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்கள் உண்டு. கண்ணாடித் தட்டுகளைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றவர்களும் உண்டு. தப்பியவற்றைத் தேடி, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான படங்களை டிஜிட்டலாக்கினார்கள். பிலிமைக் காப்பாற்றியது டிஜிட்டல். இரண்டையும் எதிரிகளாக நிறுத்துவதில் எனக்கு விருப்பமில்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிலிம் முற்றாகப் போய்விடவும் இல்லை. லைக்கா 2022இல் எம்6 மாடலை மறுபடி கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புதிய பிலிம் கேமரா வந்தது; அரைப் படம் அளவில் எடுப்பதால் ஒரு ரோலில் 72 கிடைக்கும், லீவரைக் கையால்தான் இழுக்க வேண்டும். வாங்குபவர்களில் பலர் பிலிம் காலத்தில் பிறக்காதவர்கள். அவர்களைப் பார்த்து, வெறும் ஃபேஷன் என்று சொல்லும் மூத்த புகைப்படக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எடுத்த படத்தை ஒரு வாரம் பார்க்க முடியாமல் காத்திருப்பதை விரும்பித் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பசி இருக்கிறது. அதை மதிக்க வேண்டும்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். நெகட்டிவ் உறை கிடைத்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். பிறகு உங்கள் போனை எடுத்து, கடந்த ஒரு வருஷத்துப் படங்களில் இருந்து 36ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். பக்கத்து லேபில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியை எழுதி, ஆல்பத்தில் செருகி வையுங்கள்.